இடது பக்கத்துப் பின்னம்

மார்ச் 4

மருமகளுக்கு,

நலம். உங்கள் வீட்டு நலத்தைப் பற்றி எனக்கு எழுதியிருக்க வேண்டியவள் நீ. எழுதவில்லை. என் மகன் பக்கவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும், வீடு திரும்பியதும், அவன் பள்ளித் தலைமையாசிரியர் எழுதிய கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரிவிக்கும் முறை இதுதானா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டாயிற்று என்று வைத்துக்கொள்.

இனி விஷயம். அந்தத் தலைமையாசிரியர், நான் கணக்குத் துறையைப் பார்த்துக்கொண்ட காலத்தில் என்னிடம் புதிதாக வந்து சேர்ந்தவர். ஜூனில் பள்ளி திறக்கும்வரை அவன் இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறாராம். அதற்கு மேல் நிர்வாகம் பொறுக்காது. 'அவனால் மறுபடியும் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த முடியும் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும், டீச்சர். டாக்டர் சர்டிஃபிகேட் எனக்கு வேண்டாம். சொந்தப் பிள்ளைக்கு அரை மார்க் கூடுதலாகப் போடாத ஆள் நீங்கள்' என்று எழுதியிருக்கிறார். புகழ்ச்சியா கேலியா தெரியவில்லை. எதுவானாலும் உண்மை.

ஆகவே அவனைச் சோதிக்க வேண்டியவள் நான். விகிதமுறு கோவைகளின் கழித்தலில் சில கணக்குகள் இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பகுதிகள் வேறு வேறு. இந்தப் பாடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காரணிப்படுத்தத் தெரிய வேண்டும், பொது மடங்கு எடுக்கத் தெரிய வேண்டும், குறி பிசகக் கூடாது. இயற்கணிதத்தில் ஒருவன் எங்கெல்லாம் வழுக்குவானோ அத்தனை இடமும் இந்த ஒரு பாடத்துக்குள் இருக்கிறது. இதில் தேறினால் வேறெதையும் நான் கேட்க மாட்டேன்.

முதல் கணக்கு: 3/(x−1) − (x−2)/(x²−1).

யாரும் உதவக்கூடாது. அழகுக்காகத் திரும்ப எழுதக்கூடாது. அடித்திருந்தால் அடித்தபடியே அனுப்பவேண்டும். எனக்குக் காது முழுவதும் போய்விட்டது, போனில் கூப்பிட வேண்டாம்.

உன் மாமியார்

மார்ச் 12

அத்தைக்கு,

வணக்கம். கல்யாணமான இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. இரண்டு முறை படித்தேன்.

அவர் விழுந்த அன்றே ஆஸ்பத்திரி வாசலில் நின்று உங்களுக்குப் போன் செய்தேன். 'அத்தே, நான்தான் பேசறேன்' என்று கத்தினேன். வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் 'ராங் நம்பர்' என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. அப்புறம் எனக்கு அழவே நேரமில்லை, எழுத எங்கே நேரம். இதையும் சொல்லியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் நடக்கிறார். வலது கைக்கு ஒன்றும் இல்லை. பேச்சும் அப்படியே இருக்கிறது. என்னைக் 'கண் டாக்டரம்மா' என்று கூப்பிடுவதுகூட நிற்கவில்லை. ஆனால் தட்டில் வலது பக்கம் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு 'அவ்வளவுதானா?' என்கிறார். தட்டைத் திருப்பி வைத்தால் 'இது எப்ப வெச்சே?' என்று மீதியைச் சாப்பிடுகிறார். முகத்தில் ஒரு பாதிதான் சவரம் செய்கிறார். கண்ணில் கோளாறோ என்று நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய் நானே பரிசோதித்தேன். பவர்கூட மாறவில்லை. கண் பார்க்கிறதாம். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லையாம். டாக்டர் அப்படித்தான் சொன்னார். சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது என்றார்.

உங்கள் கணக்குத் தாளைக் கொடுத்தேன். நான் கை கொடுக்கவில்லை, வாய் திறக்கவில்லை. நீங்கள் சொன்னபடி அடித்தது திருத்தியது எல்லாம் அப்படியே அனுப்பியிருக்கிறேன். தாளின் வலது ஓரத்திலேயே எல்லாவற்றையும் நெருக்கி எழுதியிருக்கிறார், பாருங்கள். முடித்துவிட்டு என்னிடம் ரகசியமாக, 'அம்மாவுக்கு வயசாயிடுச்சு. பாதிக் கணக்கை எழுதாமலே அனுப்பிட்டாங்க. எதுலேர்ந்து கழிக்கிறதுன்னே போடலை. எழுதிக்கேட்டா கோச்சுக்குவாங்க, விட்டுடு' என்றார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் இருப்பது பள்ளிக்கூடக் குடியிருப்பு. வேலை போனால் வீடும் போகும். உங்கள் ஒரு வரியில் அதுவும் இருக்கிறது.

உங்கள் மருமகள்

மார்ச் 20

மருமகளுக்கு,

தாளைப் பார்த்தேன்.

முதல் கணக்கில் அவன் எழுதியிருப்பது (2−x)/((x−1)(x+1)). இடது பின்னத்தைக் காணோம். அது இருந்ததாகவே அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய். வலது பின்னத்தின் முன்னால் இருந்த கழித்தல் குறியை அவன் பார்த்திருக்கிறான். அதனால் x−2 என்பதை 2−x என்று மாற்றியிருக்கிறான். பகுதியைப் பிழையில்லாமல் காரணிப்படுத்தியிருக்கிறான். மற்றக் கணக்குகளிலும் அப்படியே. அவன் கண்ணுக்குப் பட்ட பாதியில் ஒரு குறிகூடத் தவறவில்லை.

சுழியம் போட்டேன். வேறென்ன போடமுடியும்? மாணவர்கள் அவனுக்கு 'சைபர் சார்' என்று பட்டப்பெயர் வைத்திருப்பதாக ஒருமுறை பெருமையாக எழுதியிருந்தான். இந்தத் தாளை அவனே திருத்தியிருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பான்.

மூளைக்கு இடது பக்கம் தெரியவில்லை என்றால் தெரிய வைக்கவேண்டும். எங்கள் கான்வென்டில் கணக்கு எடுத்த சிஸ்டர், கவனம் சிதறுகிற பெண்ணின் தாடையைப் பிடித்துக் கரும்பலகை பக்கம் திருப்பிவிடுவார். நாகரிகமான முறை இல்லை. பலன் தந்தது. திரும்பச் சொல். ஒவ்வொரு வரிக்கும் திரும்பச் சொல்.

இம்முறை எளிய கணக்குகள் அனுப்புகிறேன். தொகுதியில் எண் மட்டும்தான் இருக்கும். 4/(x+2) − 3/(x²−4) என்பதுபோல. ஏப்ரல் முழுவதும் இருக்கிறது.

குடியிருப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அது எனக்குத் தெரியாது. தெரிந்ததால் என் மதிப்பெண் மாறாது.

உன் மாமியார்

ஏப்ரல் 2

அத்தைக்கு,

தாடையைப் பிடித்துத் திருப்பினேன். 'என்னடி, போட்டோ எடுக்கப் போறியா?' என்று கேட்டார்.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு டேப் ஒட்டினேன். 'சிவப்பு கண்ணுல படற வரைக்கும் தலையைத் திருப்புங்க, அப்புறம்தான் எழுதணும்' என்றேன். கழுத்தை மெல்ல மெல்லத் திருப்பி, சிவப்பைப் பார்த்ததும், 'அட, இங்க ஒரு பின்னம் உக்காந்திருக்கு!' என்றார். பேருந்தில் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி. உங்களைத் திட்டியதற்கு வருத்தப்பட்டார். 'அம்மா முழுசாத்தான் அனுப்பியிருக்காங்க' என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவள். சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக, ஏன் கீழே இருப்பது வேறு வேறாக இருந்தால் நேராகக் கழிக்கமுடியாது என்று கேட்டுவைத்தேன். அவர் பழையபடி வாத்தியாராகிவிட்டார்.

'உன் கடையில ஒருத்தர் பழைய லென்ஸைப் புது ஃபிரேம்ல மாட்டணும்னு வந்தா என்ன பண்ணுவே?'

'ஓரத்தைத் தேய்ச்சு ஃபிரேமுக்கு ஏத்த மாதிரி ஆக்குவேன்.'

'பவர் மாறிடுமா?'

'அது எப்படி மாறும்?'

'அவ்வளவுதான். மேலயும் கீழயும் ஒரே கோவையால பெருக்கினா உருவம்தான் மாறும், மதிப்பு மாறாது. ரெண்டும் ஒரே ஃபிரேமுக்கு வந்தப்புறம் மேல இருக்கிறதைக் கழி.'

'அப்ப ரெண்டு பகுதியையும் பெருக்கிட்டா போச்சு.'

'அவசரப்படாதே. x²−4க்குள்ள x+2 ஏற்கெனவே இருக்கு. பிரிச்சுப் பாரு. இருக்கிறவனுக்கே திரும்பக் கொடுத்தா கணக்கு வீங்கிப்போகும். யாருக்கு எது இல்லையோ அதை மட்டும் குடு.'

எனக்குப் புரிந்தது, அத்தை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு புரிந்ததே இல்லை.

இந்தத் தாளில் எல்லாக் கணக்கையும் முடித்திருக்கிறார். கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். நான் தாளைப் பிடித்துக்கொண்டதால் அப்படி.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 11

மருமகளுக்கு,

எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. (4x−11)/(x²−4) என்ற விடையைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். திறந்தால் கை எங்கேயாவது ஏதாவது குறித்துவிடும் என்று பயம்.

அந்தச் சிவப்பு டேப் நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லை. லென்ஸ் உதாரணத்தை என் வகுப்பில் நான் சொன்னதில்லை. அவனுடையதுதான். உன்னைப் பார்த்து யோசித்ததால் வந்திருக்கிறது. அவன் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, 'அந்தக் கடையில நிக்கிற பொண்ணா?' என்று நான் கேட்டது உனக்குத் தெரிந்திருக்கும். அவன் சொல்லாமல் இருந்திருக்க மாட்டான். எதையும் மறைக்கத் தெரியாதவன்.

நேற்று, உன் மாமனார் போன பிறகு திறக்காமல் வைத்திருந்த முன்னறையைத் திறந்து துடைத்தேன். ஏன் என்று தெரியவில்லை.

இனிக் கடைசித் தாள். இது ஒன்பதாம் வகுப்பின் உண்மையான தரம். 5/(x−2) − (x−4)/(x²−4) போன்ற கணக்குகள். x எந்த மதிப்பை எடுக்கக்கூடாது என்பதையும் எழுதவேண்டும். இதையும் இப்படியே செய்துவிட்டால் தலைமையாசிரியருக்கு அன்றைக்கே எழுதிவிடுவேன்.

நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா. நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு இதையும் பார்க்கிறாய்.

அத்தை

ஏப்ரல் 27

அத்தைக்கு,

தாளை வைத்திருக்கிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். நடுவில் சில நாள் அவர் சரியாகத் தூங்கவில்லை, நாங்கள் இருவருமே தூங்கவில்லை.

தலைமையாசிரியர் போன வாரம் வந்தார். 'டீச்சர்கிட்டேயிருந்து இன்னும் ஒண்ணும் வரலையே' என்றார். இவர் சிரித்துக்கொண்டே, 'அம்மா ஸ்டாம்ப் ஒட்டறதுக்கு முன்னாடி அதையே ரெண்டு தடவை சரிபார்ப்பாங்க சார்' என்றார். அவர் நாற்காலியை இடது பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தார். அதனால் இவர் சுவரைப் பார்த்தே பேசினார். நான் நடுவில் காபியோடு போய் நின்று சமாளித்தேன்.

கடிதத்தில் என்னை 'அம்மா' என்று எழுதியிருந்தீர்கள். நன்றி.

உங்கள் மருமகள்

மே 6

மருமகளுக்கு,

கடைசித் தாள் என் முன்னால் இருக்கிறது. மொத்தத்தில் நல்ல தாள். எந்தப் பள்ளியிலும் தேறிவிடும்.

முதல் கணக்கில் இடது பின்னத்தை x+2 ஆல் பெருக்கி 5x+10 என்று ஒழுங்காக எழுதியிருக்கிறது. பகுதி சரி. x எந்த மதிப்பை எடுக்கக்கூடாது என்பதும் சரி. அதற்குப் பிறகு வலது பின்னத்தின் தொகுதியைக் கழிக்கவேண்டும். அது x−4. அதை அடைப்புக்குள் போடாமல், −x −4 என்று எழுதி, 4x+6 என்று முடித்திருக்கிறது. சரியான தொகுதி 4x+14. x மட்டும் கழிக்கப்பட்டிருக்கிறது. கூட இருந்த 4, எதுவும் நடக்காதது போலத் தன் பழைய குறியோடு நிற்கிறது. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் இதே பிழை.

புதிதாகக் கற்கும் யாரும் செய்கிற பிழைதான். நூறு தாளில் எண்பதில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் என் மகனுக்கு இடது பக்கம்தான் இல்லை. அவனுக்குத் தப்பு நடந்தால் இடது பக்கத்தில் நடக்கவேண்டும். இந்தத் தாளில் இடது பக்கம் பிசிறில்லாமல் இருக்கிறது, வலது பக்கத்தில் பிழை. மார்ச்சில் வந்த தாளில் அவன் பாதி உலகத்தைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அப்போதும் x−2 அவன் கையில் 2−x ஆயிற்று. நோய்க்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அது பக்கம் மாறி உட்காராது.

கையெழுத்து சாய்ந்திருந்ததை ஏப்ரலிலேயே பார்த்தேன். நோய்க்குப் பிறகு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது.

இது உன் தாள். ஆமாவா இல்லையா?

மாமியார்

மே 13

அத்தைக்கு,

ஆமாம்.

இரண்டாம் தாளில் முதல் கணக்கு அவருடையது. சிவப்பு டேப்பைப் பார்த்துத் தலையைத் திருப்பினது நிஜம், 'ஒரு பின்னம் உக்காந்திருக்கு' என்றது நிஜம். அன்றைக்கு நான் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆனால் இரண்டாவது கணக்குக்கு வந்தபோது டேப் அவருக்குத் தெரியவில்லை. இன்னும் தடிமனாக ஒட்டினேன். இடது பக்கம் மணி கட்டிப் பார்த்தேன். 'திரும்பிட்டேன், இதுக்கு மேல எங்க திரும்பறது?' என்று கோபப்படுகிறார். பாதிதான் திரும்பியிருக்கிறார். அவருக்கு அது தெரியாது.

மீதியெல்லாம் நான் எழுதினேன். ஆனால் ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. யாரிடமும் போய்க் கேட்கவில்லை. நான் கணக்கை வாய்விட்டுப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு வழியைச் சொல்வார், போடுவது நான். ஒவ்வொரு அடியும் ஏன் என்று கேட்பேன், அதையும் சொல்வார். எட்டாவதோடு நின்ற ஒருத்தியை ஒரே மாதத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் போட வைத்திருக்கிறார். வாத்தியார் வேலை என்பது அதுதானே? அதற்கு இடது பக்கம் எதற்கு?

அந்த அடைப்புக்குறியை அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், கேட்காததற்கு எப்படிச் சொல்வார்?

நான் உங்களை ஏமாற்றினேன். அதற்கு என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், நேரில் வந்து திட்டுங்கள். வந்தாலாவது அவரைப் பார்ப்பீர்கள். ஆனால் அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள் அத்தை. காலையில் எழுந்ததும் 'ஜூன் எப்ப வருது?' என்றுதான் கேட்கிறார். வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்கிறார், இப்போதே.

உங்கள் மருமகள்

மே 21

மருமகளுக்கு,

தலைமையாசிரியருக்கு இன்று எழுதி அனுப்பிவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் வகுப்பு எடுக்கும் நிலையில் இல்லை என்று எழுதினேன்.

உன்னைத் திட்டப்போவதில்லை. உன் தாளை முறையாகத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது அவன் கற்பித்து நீ எழுதிய தாள். நல்ல மதிப்பெண். நான் கூட்டிப் போடவில்லை.

நீ கேட்டாய், வாத்தியார் வேலைக்கு இடது பக்கம் எதற்கு என்று. அந்தக் கேள்வியோடு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். உனக்கு அவன் கற்பித்தபோது நீ ஒருத்தி. கணக்கை நீ படித்துக் காட்டினாய். அவன் எங்கே பார்க்கவில்லையோ அங்கே நீ பார்த்தாய். வகுப்பறையில் அவனுக்கு இடப்புறம், ஜன்னல் பக்கத்து வரிசைகளில் உட்காரும் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு பெண் கையைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். இவன் நல்ல மனதோடு எதிர்ப்பக்கம் பார்த்துப் பாடம் நடத்துவான். நான் கணக்கில் மட்டும் கறாரானவள் இல்லை. பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான். அவன் நல்ல உடம்போடு இருந்து, வேறு யாரைப் பற்றியாவது இதைக் கேட்டிருந்தால், இதையேதான் சொல்லியிருப்பான்.

அந்த அடைப்புக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை. கழித்தல் குறி தனக்குப் பக்கத்தில் நிற்பதோடு நின்றுவிடுவதில்லை. பின்னால் வரும் முழுத் தொகுதிக்கும் அதுதான் சொந்தம். அதனால்தான் அடைப்புக்குறி. அவனிடமிருந்து வேலையை மட்டும் எடுப்பதாக நான் நினைத்துக்கொள்ளவில்லை. உன் வீடும் அதற்குள் இருக்கிறது என்று தெரிந்தேதான் எழுதினேன்.

குடியிருப்பை இன்னும் கொஞ்ச காலம் விட்டுவைக்கும்படி அதே கடிதத்தில் கேட்டிருக்கலாம். பேனா அந்தப் பக்கம் போகவில்லை. யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாத கை. இதற்கு நீ என்மேல் கோபப்படலாம்.

அத்தை

ஜூன் 6

அத்தைக்கு,

கோபம்தான். முதல் இரண்டு நாள் உங்கள் கடிதத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் திருத்திய தாளை எடுத்துப் பார்த்தேன். தப்பாகப் போட்ட ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் சரியான வழியை முழுசாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் எனக்கு அப்படித் திருத்தித் தந்ததில்லை.

தலைமையாசிரியர் வந்தார். இம்முறை வலது பக்கம் உட்காரச் சொன்னேன். வெகுநேரம் வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு உங்கள் கடிதத்தை எடுத்து, 'நான் சொல்றதைவிட நீயே படிச்சுக்கோப்பா' என்று இவர் கையில் கொடுத்தார். இவர் ஒவ்வொரு வரியிலும் பின்பாதியை மட்டும் படித்தார். 'என்ன இது, அம்மா எல்லா வாக்கியத்தையும் நடுவுல ஆரம்பிச்சிருக்காங்க?' என்றார். தலைமையாசிரியர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். நான்தான் வாங்கி முழுவதும் சத்தமாகப் படித்தேன். 'வகுப்பு எடுக்கும் நிலையில் இல்லை' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். 'படி' என்றார் இவர். படித்தேன்.

முடித்ததும் என் கையிலிருந்த கடிதத்தை விரலால் தடவினார். பிறகு கேட்டார்:

'அடித்தல் திருத்தல் எதாவது இருக்கா, நல்லா பாரு.'

'ஒண்ணுகூட இல்லீங்க. அச்சடிச்ச மாதிரி இருக்கு.'

'அப்ப நிறைய தாளைக் கிழிச்சிருக்காங்க' என்றார்.

அதற்குப் பிறகுதான் அழுதார்.

குடியிருப்பைக் காலி செய்துவிட்டோம். எங்கள் கடைக்காரர் மாடியில் லென்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். ஒரே அறை. கீழே வேலை, மேலே வீடு. அரை மணிக்கு ஒருமுறை ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்றைக்குப் பள்ளி திறந்தது. பிள்ளைகள் கடை வாசல் வழியாகத்தான் போனார்கள். நான் மேலே போய் ஜன்னலைச் சாத்தினேன். 'திறந்தே வை' என்றார்.

எத்தனை தாள் கிழித்தீர்கள், அத்தை?

உங்கள் மருமகள்

ஜூன் 12

அம்மாடி,

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம். எனக்குக் காதுதான் கேட்காது, விலாசம் கேட்டுக் கண்டுபிடிக்க வாய் இருக்கிறது. ஒரே அறை என்று எழுதியிருந்தாய். எனக்குப் படுக்க ஒரு ஓரம் போதும். பகலில் நீ கடையைப் பார். படியேறி இறங்க வேண்டாம், அவனோடு நான் இருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: எண்ணவில்லை.

அவனுக்கு இடது பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை. பேச்சுக் கொடுத்து அவனைத் திருப்பாதே. நான் வந்திருப்பது தெரிய அவனுக்கு எத்தனை நேரமானாலும் ஆகட்டும். உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை